டிப்ரஷன் மாத்திரை யாருக்கு வேலை செய்யும்? முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? - ஆய்வுகள் சொல்வது என்ன?

"நாலு வாரம் சாப்பிட்டுப் பாருங்க. சரியா வரலைன்னா வேற மாத்திரை மாத்திக்கலாம்."

மனச்சோர்வுக்கு சிகிச்சை எடுக்கப் போகும் பலரும் முதல் நாளே மருத்துவரிடம் கேட்கும் வார்த்தைகள் இவை. கேட்டதும் மனசுக்குள் ஒரு கேள்வி வரும். சிறுநீர்த் தொற்று என்று போனால், 'கல்ச்சர்' டெஸ்ட் எடுத்து எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும், எது கேட்காது என்று பட்டியலே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மனச்சோர்வுக்கு மட்டும் ஏன் 'சாப்பிட்டுப் பாருங்க' என்கிறார்கள்? இதற்கும் ஒரு டெஸ்ட் இருக்கக் கூடாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி உலகம் முழுக்க ஆய்வாளர்கள் 25 ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து வருகிறார்கள். மரபணு, மூளை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இப்போது ஏ.ஐ. என்று எல்லா வழியிலும் முயற்சி நடக்கிறது. அதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்? எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

நாலு வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை

முதலில் ஒரு வார்த்தைத் தெளிவு. 'டிப்ரஷன்' என்பதை நாம் பேச்சில் 'மன அழுத்தம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் வேலை டென்ஷன், பரீட்சை பயம் போன்றவைதான் மன அழுத்தம். குறைந்தது இரண்டு வாரமாவது விடாமல் தொடரும் சோகம், எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கக் கோளாறு, பசி மாற்றம், 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து அன்றாட வாழ்க்கையையே முடக்கிப் போடுவதுதான் மனச்சோர்வு. உலகம் முழுவதும் 28 கோடிக்கும் அதிகமானோர் இதனால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதற்கான மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி அரை மணி நேரத்தில் வேலை செய்வதில்லை. குமட்டல், தலைசுற்றல், பதற்றம் போன்ற பக்கவிளைவுகள் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். பலன் முழுசாகத் தெரிய 4 முதல் 6 வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அதாவது, கஷ்டம் முதலில் வரும். நிம்மதி பிறகுதான் வரும்.

காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே முடியாத ஒருவருக்கு 6 வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். முதல் மாத்திரை சரிவரவில்லை என்றால் இன்னொரு 6 வாரம். அதற்குள் வேலை போகலாம், படிப்பு நிற்கலாம், குடும்பத்தில் விரிசல் வரலாம். 'எனக்கு எதுவுமே சரிவராது' என்று முடிவு செய்து பலர் சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு உயிருக்கே ஆபத்தான காலகட்டம் இது. எந்த மாத்திரை யாருக்கு என்று முதல் நாளே தெரிந்தால் எவ்வளவு பேரைக் காப்பாற்றலாம்! இந்த ஆய்வுகளுக்குப் பின்னால் இருக்கும் அவசரம் அதுதான்.

முதலில் இந்த மாத்திரைகள் வேலை செய்யுதா, இல்லையா?

செய்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை.

2018-ல் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரியா சிப்ரியானி தலைமையிலான குழு ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டது. 522 மருத்துவப் பரிசோதனைகள், 1,16,477 நோயாளிகள், 21 வகை மாத்திரைகள். இந்த 21-ம் வெறும் போலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன என்பதே முடிவு. அதே நேரத்தில், சராசரியாகப் பார்த்தால் அந்த வித்தியாசம் மிதமானதுதான் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

இங்கே 'சராசரி' என்ற வார்த்தைதான் முக்கியம். ஒருவருக்கு வாழ்க்கையே திரும்பி வந்திருக்கும், இன்னொருவருக்கு ஒரு மாற்றமும் இருக்காது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் 'மிதம்' என்று வரும். அந்த இருவரில் நீங்கள் யார் என்பதை சராசரி சொல்லாது.

4,041 பேர், 4 கட்டம்: ஸ்டார்-டி ஆய்வு சொன்னது

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு அமெரிக்காவின் 'ஸ்டார்-டி'. அந்நாட்டு தேசிய மனநல நிறுவனத்தின் நிதியில் நடந்த இதில் 4,041 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லோருக்கும் முதலில் 'சிட்டலோபிராம்' என்ற ஒரே மாத்திரை. அது சரிவராதவர்களுக்கு இரண்டாவது கட்டம், பிறகு மூன்றாவது, நான்காவது.

முதல் கட்டத்தில் அறிகுறிகள் கிட்டத்தட்ட முழுமையாக நீங்கியது மூன்றில் ஒருவருக்குத்தான். இரண்டாம் கட்டத்தில் மாத்திரையை மாற்றியவர்களுக்கு, மூளையில் வெவ்வேறு விதமாக வேலை செய்யும் செர்ட்ரலின், புப்ரோபியான், வென்லாஃபேக்சின் ஆகிய மூன்றில் ஒன்று கொடுக்கப்பட்டது. எது கொடுத்தாலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கே குணம் தெரிந்தது. எந்த மாத்திரையும் மற்றதை முந்தவில்லை. மூன்றாம், நான்காம் கட்டத்தில் அது 13 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது.

நான்கு கட்டத்தையும் சேர்த்தால் சுமார் 67 சதவீதம் பேர் குணமடைவார்கள் என்று 2006-ல் ஆய்வுக்குழு கணக்கிட்டது. யாரும் பாதியில் விலகாமல் இருந்தால் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. 2023-ல் அதே தரவை வேறு ஆய்வாளர்கள் மறுபடி அலசி, முதலில் திட்டமிட்ட விதிகளின்படி பார்த்தால் அது 35 சதவீதம்தான் என்று 'பி.எம்.ஜே ஓப்பன்' இதழில் எழுதினார்கள். பழைய குழு அதை மறுத்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: முதல் மாத்திரையிலேயே குணமாகாதவர்கள்தான் அதிகம்.

ஏன் ஆளுக்கு ஆள் மாறுது?

பெரிய காரணம், மனச்சோர்வு என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு என்பது. மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க வரையறையில் 9 அறிகுறிகள் உள்ளன. 5 இருந்தால் மனச்சோர்வு. தூக்கமே வராததும் ஒரு அறிகுறி, நாள் முழுக்கத் தூங்குவதும் அதே அறிகுறிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு பேருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டுமே பொதுவாக இருந்தாலும், இருவருக்கும் ஒரே நோய்ப் பெயர்தான், பெரும்பாலும் ஒரே மாத்திரைதான்.

இதோடு மரபணு, கல்லீரல் மாத்திரையைச் சிதைக்கும் வேகம், வேறு நோய்கள், சின்ன வயதில் பட்ட கஷ்டங்கள், இப்போதைய வீட்டுச் சூழல் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் ஆய்வாளர்கள் பல பக்கத்திலிருந்து இதை அணுகுகிறார்கள்.

வழி 1: மரபணு டெஸ்ட்

நாம் விழுங்கும் மாத்திரையைக் கல்லீரலில் இருக்கும் நொதிகள் சிதைக்கின்றன. மனச்சோர்வு மாத்திரைகளைப் பொறுத்தவரை சி.ஒய்.பி 2சி19, சி.ஒய்.பி 2டி6 என்ற இரண்டும் முக்கியம். சிலருக்கு இந்த நொதி மெதுவாக வேலை செய்யும். மருந்து ரத்தத்தில் தேங்கி, பக்கவிளைவு அதிகமாகும். சிலருக்கு அதிவேகம். மருந்து வேலை செய்வதற்குள்ளேயே காலியாகிவிடும்.

இது வெறும் கோட்பாடு இல்லை. 2சி19 நொதி மெதுவாக இருப்பவர்களுக்கு சிட்டலோபிராம் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே சொல்கிறது. அளவு கூடினால் இதயத் துடிப்பில் சிக்கல் வரலாம். தமிழர்களுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழர்களிடம் இந்த 2சி19 மரபணுவை ஆராய்ந்து 2003-ல் முடிவுகளை வெளியிட்டனர். மெதுவாகச் சிதைக்கும் வகை ஐரோப்பியர்களைவிட இங்கே அதிகம் என்று அதில் தெரியவந்தது.

அப்படியானால் டெஸ்ட் எடுத்தால் போதுமா? அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 1,944 பேரிடம் நடந்த 'பிரைம் கேர்' ஆய்வு 2022-ல் 'ஜாமா' இதழில் வந்தது. மரபணு அறிக்கை கையில் இருந்தபோது, உடம்புக்கு ஒத்துவராத மாத்திரையை எழுதுவது கணிசமாகக் குறைந்தது. ஆனால் 24-வது வாரத்தில் குணமடைந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், டெஸ்ட் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

காரணம் எளிது. மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதைத்தான் இந்த டெஸ்ட் சொல்கிறது. மூளை அதற்கு எப்படிப் பதில் சொல்லும் என்பதை இது சொல்வதில்லை. 'உங்களுக்கான மாத்திரையை மரபணு சொல்லும்' என்று விளம்பரம் செய்யும் டெஸ்ட்கள் பலவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2018-லேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதில் மனச்சோர்வு மாத்திரைகளைக் குறிப்பிட்டே சொன்னது.

வழி 2: மூளையைப் படம் பிடித்தல்

1997-ல் நரம்பியல் நிபுணர் ஹெலன் மேபெர்க் குழு, மூளையின் முன்பகுதியில் உள்ள 'சிங்குலேட்' என்ற இடத்தில் செயல்பாடு அதிகமாக இருந்தவர்களுக்கு மாத்திரை நன்றாக வேலை செய்ததைக் கண்டது. அதன்பிறகு பல ஆய்வுகள் இதே இடத்தைச் சுற்றியே வந்துள்ளன.

2013-ல் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகக் குழு இன்னொரு சுவாரஸ்யமான முடிவைச் சொன்னது. மூளையின் 'இன்சுலா' பகுதியில் செயல்பாடு குறைவாக இருந்தவர்களுக்குப் பேச்சு வழி சிகிச்சையும், அதிகமாக இருந்தவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரையும் நன்றாகப் பலன் தந்தன. யாருக்கு மாத்திரை, யாருக்குக் கவுன்சிலிங் என்று ஒரு ஸ்கேன் பிரித்துக் காட்டலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

அடுத்து 'எம்பார்க்' ஆய்வு. சுமார் 300 பேரில் ஒரு பாதிக்கு செர்ட்ரலின், இன்னொரு பாதிக்குப் போலி மாத்திரை. இந்தத் தரவை வைத்து, மூளையின் மின் அலைகளை அளக்கும் இ.இ.ஜி மூலம் செர்ட்ரலின் யாருக்குக் கேட்கும் என்று கணிக்கும் முறையை 2020-ல் ஒரு குழு வெளியிட்டது. 2024-ல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக மருத்துவ மைய ஆய்வாளர்கள் அதே தரவிலிருந்து எம்.ஆர்.ஐ ஸ்கேனையும் நோயாளியின் அறிகுறிகளையும் ஏ.ஐ.-யிடம் கொடுத்து, ஒரே வாரத்தில் கணிக்க முடியும் என்றனர்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2019-ல் இ.இ.ஜி ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு, மருத்துவமனையில் பயன்படுத்தும் அளவுக்கு இது இன்னும் நம்பகமானதில்லை என்று சொல்லிவிட்டது. சின்னச் சின்ன ஆய்வுகள் பெரிய வெற்றியைச் சொல்வதும், வேறு இடத்தில் செய்து பார்க்கும்போது அது காணாமல் போவதும் இங்கே அடிக்கடி நடக்கிறது.

வழி 3: சாதாரண ரத்தப் பரிசோதனை

உடம்பில் அழற்சி இருந்தால் 'சி.ஆர்.பி' என்ற புரதம் ரத்தத்தில் கூடும். கொரோனா காலத்தில் பலரும் கேள்விப்பட்ட பெயர்தான். 2014-ல் ருடால்ஃப் உஹெர் குழு நடத்திய ஆய்வில், சி.ஆர்.பி ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தவர்களுக்கு எஸ்சிட்டலோபிராமும், அதற்கு மேல் இருந்தவர்களுக்கு நார்ட்ரிப்டிலின் என்ற பழைய வகை மாத்திரையும் சிறப்பாக வேலை செய்தன. ஸ்கேனோடு ஒப்பிட்டால் செலவு ரொம்பக் குறைவு, எந்த லேப்பிலும் எடுக்கலாம். ஆனால் இதுவும் வழக்கமான சிகிச்சை முறைக்குள் இன்னும் வரவில்லை. சளி பிடித்தாலும், உடல் எடை கூடினாலும்கூட சி.ஆர்.பி ஏறும் என்பது இதில் ஒரு சிக்கல்.

வழி 4: ஏ.ஐ. - கணிப்பும், ஏமாற்றமும்

2016-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆடம் செக்ரூட் குழு, ஸ்டார்-டி தரவைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. ஸ்கேன் இல்லை, ரத்தம் இல்லை. நோயாளி பதில் சொல்லும் 25 விவரங்கள் மட்டும்தான். சிட்டலோபிராம் யாருக்குக் கேட்கும் என்பதைச் சுமார் 65 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறொரு ஆய்வில் எஸ்சிட்டலோபிராம் எடுத்தவர்களிடம் சோதித்தபோது 60 சதவீதம். வேறு வகையான வென்லாஃபேக்சின்-மிர்டாசபின் கூட்டு மருந்துக்கு 51 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 சதவீதம் சரியாக வரும் என்பதை நினைவில் வையுங்கள்!

அதே செக்ரூட் குழு 2024-ல் 'சயின்ஸ்' இதழில் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. இந்த முறை மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் பற்றிய 5 பரிசோதனைகளின் தரவு. ஒரு பரிசோதனையின் தரவில் பழக்கிய ஏ.ஐ., அதே பரிசோதனையில் சிறப்பாகக் கணித்தது. அடுத்த பரிசோதனைக்குக் கொண்டுபோனால் குருட்டாம்போக்கில் சொல்வது போலத்தான் இருந்தது.

எளிமையா சொல்லணும்னா, இது கைடுல இருக்கிற கணக்கை அப்படியே மனப்பாடம் பண்ணின மாணவர் மாதிரி. அதே கணக்கு வந்தால் சென்டம். எண்ணை மாற்றிக் கேட்டால் முழிக்கும். ஏ.ஐ. மனச்சோர்வைக் 'கண்டுபிடித்துவிட்டது' என்று செய்தி வரும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வேற ஊர்ல, வேற ஆட்கள்கிட்ட செஞ்சு பாத்தாங்களா?

அடிப்படைச் சிக்கல் ஒன்று இருக்கு

'இவர் குணமாவார்' என்று கணிப்பது வேறு. 'இந்த மாத்திரையால் குணமாவார்' என்று கணிப்பது வேறு.

நோய் லேசாக இருப்பவர், வேலையும் குடும்ப ஆதரவும் உள்ளவர் எந்த மாத்திரை எடுத்தாலும், சில நேரம் போலி மாத்திரை எடுத்தாலும்கூட, தேற வாய்ப்பு அதிகம். பல கணிப்பு முறைகள் உண்மையில் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் மருத்துவருக்குத் தேவை அது இல்லை. 'அ' மாத்திரையா, 'ஆ' மாத்திரையா என்பதற்கான பதில்தான் தேவை. அதற்குப் போலி மாத்திரையோடும், வேறு மாத்திரையோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய ஆய்வுகள் வேண்டும். அவை குறைவு, செலவும் அதிகம்.

அப்படி நேரடியாகச் சோதித்த ஒன்றுதான் ஐரோப்பாவின் 5 நாடுகளில் 913 பேரிடம் நடந்த 'பிரெடிக்ட்' ஆய்வு. மனச்சோர்வில் இருப்பவர்கள் மற்றவர் முகத்தில் சோகத்தை அதிகமாகவும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கவனிப்பார்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கினால், மனநிலை மாறுவதற்கு முன்பே இந்தப் பார்வை மாறும் என்பது ஆக்ஸ்ஃபோர்டின் கேத்தரின் ஹார்மர் உள்ளிட்டோரின் கண்டுபிடிப்பு. அதை வைத்து மாத்திரையை முன்கூட்டியே மாற்றிப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவில், 8-வது வாரத்தில் மனச்சோர்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பதற்றம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. பெரிய வெற்றி இல்லைதான். ஆனால் கணிப்பை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்தாமல் நிஜ நோயாளிகளிடம் கொண்டுபோன முக்கியமான முயற்சி.

இப்போதைக்கு கையில் இருக்கும் எளிய கருவி: இரண்டு வாரம்

இத்தனை தொழில்நுட்பத்துக்கு நடுவில், ஓரளவு உறுதியாக நிற்பது ரொம்பச் சாதாரணமான விஷயம். 2009-ல் வெளியான, 6,562 நோயாளிகளின் தரவை வைத்து நடந்த ஆய்வு ஒன்று, முதல் இரண்டு வாரத்தில் அறிகுறிகள் குறைந்தது 20 சதவீதம்கூடக் குறையாதவர்களுக்கு, அதே சிகிச்சையில் பிறகு முழுப் பலன் கிடைக்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றது. முழு குணம் தெரிய 6 வாரம் ஆகலாம். ஆனால் அதன் முதல் அசைவு இரண்டு வாரத்துக்குள் தெரியத் தொடங்கிவிடுகிறது.

உடனே மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டாவது வாரத்தில் மருத்துவரை ஒரு முறை பார்ப்பது வீண் இல்லை என்று அர்த்தம். அளவைக் கூட்டலாமா, காத்திருக்கலாமா, மாற்றலாமா என்பதை அவர் முடிவு செய்வார்.

மருத்துவரின் கணிப்புக்கு நீங்கள் எப்படி உதவலாம்?

டெஸ்ட் இல்லை என்பதால் மருத்துவர் இருட்டில் கல்லெறிவதில்லை. தூக்கமும் பசியும் போனவருக்கு அவற்றைக் கூட்டும் மிர்டாசபின், வலிப்பு நோய் உள்ளவருக்கு புப்ரோபியான் தவிர்ப்பு என்று, நோயாளியின் நிலையை வைத்துத்தான் மாத்திரை தேர்வாகிறது. அந்தத் தேர்வு சரியாக அமைய, சொல்ல வேண்டியவை சில:

• முன்பு எந்த மாத்திரை கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை. பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள்.

• அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்கு இதே பிரச்சினை இருந்து, ஏதாவது மாத்திரை நன்றாகக் கேட்டிருந்தால் அந்தப் பெயர்.

• தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்த நாட்கள் எப்போதாவது இருந்ததா என்பது. அது இருதுருவ நோயாக இருந்தால் மனச்சோர்வு மாத்திரை மட்டும் தனியாகக் கொடுப்பது நிலைமையை மோசமாக்கலாம்.

• இதயம், கல்லீரல் பிரச்சினை, கர்ப்பம், இப்போது சாப்பிடும் மற்ற மருந்துகள். நாட்டு மருந்தும் இதில் சேரும்.

• தினமும் ஒரு வரி: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், சாப்பிட்டீர்களா, ஏதாவது ஒரு வேலையாவது செய்ய முடிந்ததா? இரண்டு வாரம் கழித்து 'பரவால்ல' என்று சொல்வதைவிட இந்த ஒரு பக்கம் மருத்துவருக்கு நிறையச் சொல்லும்.

இரண்டு எச்சரிக்கைகளும் முக்கியம். ஒன்று, மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரலாம். இரண்டு, 25 வயதுக்குக் கீழ் உள்ள சிலருக்கு மாத்திரை தொடங்கிய ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகமாகலாம் என்று அமெரிக்காவில் மாத்திரை அட்டையிலேயே எச்சரிக்கை உள்ளது. வீட்டில் இருப்பவர்கள் அந்த வாரங்களில் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். மாறுதல் தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக...

பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வந்திருக்கிறது. அவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு சிகிச்சை போய்ச் சேரவில்லை. எந்த மாத்திரை கேட்கும் என்ற கேள்விக்கு அறிவியல் என்றாவது ஒருநாள் துல்லியமாகப் பதில் சொல்லலாம். ஆனால் முதல் மாத்திரை கேட்கவில்லை என்பது உங்கள் தோல்வி இல்லை. அது மூன்றில் இரண்டு பேருக்கு நடப்பதுதான். அடுத்த வாய்ப்பு இருக்கிறது என்பதையும் அதே ஸ்டார்-டி ஆய்வுதான் சொல்கிறது. சீட்டைக் கிழித்துப் போடாமல், இன்னொரு முறை மருத்துவரின் கதவைத் தட்டுங்கள்.

*மனச்சோர்வோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண்: 14416. தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண்: 104. தமிழிலேயே பேசலாம்.*